ஹாஜியார் வீட்டு மோடம்

1. திரைச்சீலையோடு நின்ற கேபிள்

புதுப்பட்டினம் ஹாஜியார் வீட்டு வேலை என் கைக்கு வந்ததற்கு என் திறமை காரணம் இல்லை. நான் பெண் என்பதுதான் காரணம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, செங்கல்பட்டில் குணசேகர் சாரின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்திருந்தேன். டிரில்லிங் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் என்னைப் பார்த்து, "கூட யாரும் வரலியாம்மா?" என்று கேட்காத கஸ்டமர் கிடையாது. ஹாஜியார் வீட்டில்தான் முதல்முறையாக, "கூட யாரும் இல்லல்ல? அப்ப உள்ள வா" என்று கூப்பிட்டார்கள்.

ப்ராட்பேண்ட் வந்த புதிது அது. வை-ஃபை ரவுட்டர் யானை விலை, குதிரை விலை விற்றது. ஒரே கனெக்‌ஷனை இரண்டு அறைகளில் ஓட்ட வேண்டுமென்றால் சுவரைத் துளைத்து கேபிள் இழுத்து, இரண்டு முனையிலும் பிளக்கை வைத்து அழுத்தி, அதாவது கிரிம்பிங் செய்து, மாட்ட வேண்டும். அதற்கு எல்லா அறைக்குள்ளும் போக வேண்டும், கட்டிலை நகர்த்த வேண்டும், ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

ஹாஜியாருக்கு பஜாரில் பெயிண்ட் கடை. வீடு தெருவிலிருந்து உள்ளே நீளமாகப் போகும். தெருப்பக்கம் இருப்பது அவருடைய முன்ரூம். ஆண்கள் யார் வந்தாலும் அதோடு சரி. அங்கே தொங்கும் திரைச்சீலையைத் தாண்டினால் பெண்கள் புழங்கும் இடம். டெலிபோன் லைன், மோடம், ஹாஜியாரின் கம்ப்யூட்டர் மூன்றும் முன்ரூமில் இருந்தன. மருமகள் மும்தாஜின் கம்ப்யூட்டர் கடைசி அறையில். எனக்கு முன்னால் வந்த டெக்னீஷியன் ஆண் என்பதால், கேபிளைத் திரைச்சீலை வரைக்கும் இழுத்து, மிச்சத்தைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். நான் போனபோது அந்தச் சுருளில் ஹாஜியார் தன் தொழுகைத் தொப்பியை மாட்டியிருந்தார்.

தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். மதியத்துக்குள் கடைசி அறைக்கு நெட் போய்விட்டது. ஹாஜியார் கேபிளை ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டுச் சொன்னார்.

"எல்லாருக்கும் லைனு குடு, வேணான்னு சொல்லல. கண்ட்ரோலு மட்டும் எங்கையில இருக்கணும்."

டயல்-அப் காலத்தில் நிமிஷத்துக்கு நிமிஷம் காசு போனது அவர் மனதில் ஆறாத புண். இது அன்லிமிடெட் பிளான், நாள் முழுக்க ஓடினாலும் அதே பில்தான் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்.

"அதெல்லாம் பேச்சுக்கும்மா. ஓடறது ஓடினா தேயத்தான் செய்யும். கடையப் பூட்டும்போது லைட்ட அணைக்கிறோமா இல்லியா?"

காலையில் கடைக்குக் கிளம்பும்போது மோடத்தை அணைத்து, முன்ரூமைப் பூட்டி, சாவியை இடுப்பிலிருக்கும் பச்சை பெல்ட்டின் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மறுபடி மோடத்தில் விளக்கு எரிவது சாயங்காலம் அவர் திரும்பிய பிறகுதான்.

2. எட்டு லைட் பெட்டி

கொஞ்ச நாளில் அந்த வீட்டிலிருந்து கம்ப்ளெயின்ட் வந்தது: நெட் ஸ்லோ. போனேன். மும்தாஜ் என்னைக் கடைசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"நெட்டு ஸ்லோ இல்லக்கா. பகல்ல நெட்டே இல்ல. ஸ்லோன்னு சொன்னாதான் மாமா உங்கள வரவுடுவாரு."

மேசைக்கு மேலே ஹெட்ஃபோன், கீழே தையல் மெஷினில் இருப்பதுபோல ஒரு பெடல். அமெரிக்காவில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை சென்னையில் ஓர் ஆபீஸ் நெட்டில் அனுப்பும். இவள் கேட்டுக் கேட்டு டைப் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். பெடலை மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். இங்கே பொழுது சாய்ந்தால் அங்கே விடிந்துவிடும், அதற்குள் ஃபைல் போய்ச் சேர வேண்டும். இப்போதைக்கு டிரயல்தான். தாமதம் ஆனால், வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

"வேலை பர்மனென்ட் ஆச்சுன்னா அவர தம்மாம்லருந்து வந்துருங்கன்னு சொல்லிடுவேங்க்கா. புள்ள அதோட அத்தாவ வெப்கேம்லயே பாத்துப் பாத்து, அத்தான்னா கம்ப்யூட்டருதான்னு நெனச்சிகினு கீது."

'அவர்' என்றது சவூதியில் வேலை பார்க்கும் அவள் கணவன் சலீமை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இத உங்க மாமாகிட்ட நேரா சொல்லலாமே?"

அவள் என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஹாஜியாருக்கு மருமகளிடம் நேராகப் பேசும் பழக்கம் கிடையாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். எதிரில் மோர்ச் சொம்போடு மருமகள் நிற்கும்போதே, "மோரு குடுக்கச் சொல்லு" என்று மனைவியைப் பார்த்துச் சொல்கிறவர். மருமகள் ஏதோ டைப் அடிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு வேலை என்று பெயர் என்பதைத்தான் அவர் நம்பவில்லை.

மாமியார் ரஹீமாம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"ஏம்மா, அந்த மோடம் ஃபோன் வயரு இருக்கற எடத்துல எங்க வெச்சாலும் ஓடுமா?"

"ஓடும்மா."

"பொம்பளைங்க பேசறதுக்குன்னு பின்னால ஒரு ஃபோனு கீதே. அது அதே லைனுதானே?"

அதே லைன்தான். அடுத்த நடையில் கடையின் ஓரத்தில் தூசி படிந்து கிடந்த, ஒரே லைனைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கும் எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். மோடத்தைக் கழற்றிப் பெண்கள் பக்கத்து ஃபோனோடு சேர்த்து, மும்தாஜின் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். ஏற்கெனவே இழுத்திருந்த அதே கேபிள் இப்போது பின்னாலிருந்து முன்னால் வந்தது. அதன் முனையில், ஹாஜியாரின் மேசைமேல், அந்த ஸ்விட்சை வைத்தேன். ஏழாம் நம்பர் லைட் எரியாது, மற்றதெல்லாம் மோடத்து லைட் போலவே நன்றாக மினுக்கும்.

"இன்னாம்மா இது, பொட்டி பெருசா கீது?"

"எட்டு போர்ட்டு, பாய்."

"அணைச்சா?"

"நெட் நின்னுடும் பாய்."

இதில் பொய் எங்கே இருக்கிறது? எந்த அறையில் நிற்கும் என்று அவர் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை. அவரே அணைத்துப் பார்த்தார். அவருடைய கம்ப்யூட்டரில் நெட் நின்றது. திருப்தியாகத் தலையாட்டினார்.

அதிலிருந்து தினமும் காலையில் ஸ்விட்சை அணைத்து, எல்லா லைட்டும் போய்விட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் ரூமைப் பூட்டுவாராம். திரைச்சீலைக்குப் பின்னால் மாமியாரும் மருமகளும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பார்களாம்.

3. எதை அணைத்தேன்?

குட்டு உடைந்தது மகனால். சலீம் ஒருநாள் பட்டப்பகலில் தம்மாமிலிருந்து பெயிண்ட் கடைக்கு ஃபோன் செய்தான். பேச்சுவாக்கில், "இப்பதான் அவகூட கேம்ல பேசிட்டு வெச்சேன் அத்தா" என்று சொல்லிவிட்டான்.

அடுத்த அரைமணி நேரத்தில் குணசேகர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா பண்ணி வெச்ச நீ? ஹாஜியாரு கத்துறாரு. அவரு சொல்லி அந்தப் பக்கம் எத்தினி வூட்டு வேலை நமக்கு வந்துகினு கீது, தெரியுமா? ஒழுங்கா போயி, அவரு சொல்ற மாதிரி செஞ்சிட்டு வா. வாயத் தொறக்காத."

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் வழிநெடுக வாயைத் திறக்காமல் பழகிக்கொண்டே போனேன். முன்ரூமில் ஹாஜியார் ஸ்விட்சைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத அணைச்சா இன்னா ஆவும்?"

"உங்க கம்ப்யூட்டர் நிக்கும் பாய்."

"பின்னால?"

"அது ஓடும்."

அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் இத்தினி நாளா எதத்தான் அணைச்சிகினு இருந்தேன்?"

"உங்களுத மட்டுந்தான் பாய்."

சார் வாயைத் திறக்காதே என்று சொன்னது இதற்குத்தான். ஹாஜியார் பெட்டியை மேசைமேல் வைத்தார். மோடத்தை முன்ரூமுக்குக் கொண்டுவந்து பழையபடி மாட்டச் சொன்னார். கஸ்டமர் சொன்னால் செய்யத்தான் வேண்டும். நான் மோடத்தைக் கழற்றும்போது மும்தாஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டிரயல் முடிய இன்னும் சில நாள்தான் மிச்சம் இருந்தது. ரஹீமாம்மா மட்டும் முகம் மாறாமல் சொன்னார்.

"மாட்டிட்டுப் போம்மா. அவரு ரூமுலயே இருக்கட்டும்."

அந்த அம்மா இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லையே என்று பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

4. முன்ரூம்

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகைக்குப் பள்ளிவாசல் போன ஹாஜியார் திரும்பி வருவதற்குள், மும்தாஜின் மேசை, கம்ப்யூட்டர், ஹெட்ஃபோன், பெடல் எல்லாம் முன்ரூமுக்கு வந்துவிட்டன. மும்தாஜும் வந்துவிட்டாள். கூடவே அருவாமனை, வெங்காயக் கூடையோடு ரஹீமாம்மா. உள்ளே இருந்த திரைச்சீலை தெருக்கதவுக்கு மாறிவிட்டது.

மருமகளை உள்ளே வைத்து ரூமைப் பூட்ட முடியுமா? எழுந்திரு என்று சொல்லலாமென்றால், அவளோடுதான் அவருக்குப் பேச்சே கிடையாதே. ஹாஜியார் சாவியைப் பெல்ட்டில் போட்டுக்கொண்டு, ரூமைப் பூட்டாமலே கடைக்குப் போனார்.

சிக்கல் சாயங்காலம்தான் முற்றியது. மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் கமிட்டிக்காரர்கள் ஐந்தாறு பேர் வழக்கம்போல முன்ரூமில் உட்கார்ந்து டீ குடிக்க வந்தார்கள். பெண்கள் இருக்கிற அறைக்குள் அந்நிய ஆண்கள் நுழையக் கூடாது. அந்த வீட்டில் இந்த விஷயத்தில் ஹாஜியாரைவிடக் கண்டிப்பானவர் யாருமில்லை. வந்தவர்கள் தெருவிலேயே நின்றார்கள். மறுநாள் சாயங்காலமும் நின்றார்கள். ஹாஜியாரே மருமகள் இருக்கும் அறையைத் தாண்டிப் போகக் கூசி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப் போய்ப் பின்கதவில் நுழைந்து ராச்சாப்பாடு சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் அவரே கடைக்கு ஃபோன் செய்து, "அந்தப் பொண்ண ஒடனே அனுப்பு" என்றார்.

"இப்ப இன்னா பண்ணி வெச்ச?" என்றார் குணசேகர் சார்.

"அவர் சொன்னதைத்தான் சார்."

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் ஹாஜியாரும் கமிட்டியும். ஒருவர் ஹாஜியாரின் டிவிஎஸ் ஃபிஃப்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"எதிர்த்தெரு ஹார்டுவேர் பாய் வூட்டுல ஃபேன் போட்டு ஒக்கார வெக்கறாரு. அங்க போலாமா?" என்று இன்னொருவர் பொதுவாகக் கேட்டார். ஹாஜியாரின் முகம் கறுத்துவிட்டது.

"ஏம்மா, உள்ள போயி அந்த மோடத்தக் கழட்டி பின்னாலயே வெச்சிரு."

"கழட்டினா நெட் கட்டாயிடும் பாய். உள்ள ஃபைல் போய்கினு இருக்கும்."

"அப்ப எப்ப முடியும்னு கேட்டுகினு வா."

திரையை விலக்கிக்கொண்டு போனேன். மும்தாஜ் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். டிரயலின் கடைசி ஃபைல் அது. கம்ப்யூட்டரில் ஃபைல் போவதைக் காட்டும் நீலக்கோடு பாதிகூட வரவில்லை. இருட்டுவதற்குள் அது போய்ச் சேராவிட்டால் இத்தனை நாள் பட்ட பாடு வீண்.

"எப்ப முடியும்னு பாய் கேக்கறாரும்மா" என்றேன்.

ரஹீமாம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவருக்கு வாய் கீது இல்ல? வந்து கேக்கச் சொல்லு. என்கிட்ட இல்ல. வேலை செய்யறவகிட்ட."

நான் பதில் சொல்வதற்குள் வெளியே இருமல் சத்தம் கேட்டது. ஹாஜியார் அறைக்குள் வருமுன் ஓர் இருமல் இருமினால் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நகர்ந்துவிடுவார்கள். அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது இருமல் இன்னும் நீளமாக வந்தது.

"சளி புடிச்சிருக்கா ஹாஜியார்?" என்று தெருவில் யாரோ கேட்டார்கள்.

பிறகு திரைக்கு மிகப் பக்கத்தில் அவர் குரல் கேட்டது.

"மும்தாஜு."

அவளுடைய கால் பெடல்மேலேயே நின்றுவிட்டது. அவர் வாயிலிருந்து தன் பெயரை அவள் அன்றுதான் கேட்கிறாள்.

"உள்ள வரலாமாம்மா?"

மும்தாஜ் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். மும்தாஜ் திரைச்சீலைப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"கொஞ்சம் இருங்க மாமா. கடைசி ஃபைலு போய்கினு கீது. போனதும் கூப்புடறேன்."

குணசேகர் சாரின் முகம் ஒருமுறை என் கண்முன் வந்து போனது.

"சரிம்மா," என்றார் ஹாஜியார். "பொறுமையா அனுப்பு."

பிறகு அவர் தெருப்பக்கம் திரும்பிக் கமிட்டிக்காரர்களிடம் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"மருமவ வேலையில கீது. முடியட்டும், இருங்க."

5. என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு

ஃபைல் போய்ச் சேர்ந்தது. மும்தாஜ் தானே திரையை விலக்கிக் கூப்பிட்டாள். அன்றைக்கே மோடத்தைப் பின்னால் கொண்டுபோய் மாட்டினேன். ஹாஜியாரே டார்ச் பிடித்தார். அடுத்த வாரம் வேலை பர்மனென்ட் ஆனது. அடுத்த ரம்ஜானுக்கு முன்னால் சலீம் ஊருக்கு வந்துவிட்டான். குழந்தை அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது என்று ரஹீமாம்மா எனக்கு ஃபோனில் சொன்னார்.

இப்போது நான் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் எந்த வீட்டுக்குப் போனாலும், டெலிபோன் லைன் எங்கே வருகிறது, சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் அந்த வீட்டு அறைகளில் இருக்கிற எல்லாரிடமும் ஒருமுறை பேசிவிட்டு வரச் சொல்கிறேன். மோடம் நின்றுபோனால் யாருடைய பிழைப்பு நிற்குமோ, அவருடைய அறையில்தான் மோடம் இருக்க வேண்டும். அந்த அறையில் பிளக் பாயிண்ட் இல்லையென்றால் ஒன்று போட்டுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.