பொனாரியா விடும் ஒரு ரிங்

பசீலியோவை ஊரில் எல்லோரும் 'டூரின்' என்றுதான் கூப்பிட்டார்கள். இத்தாலியின் வடக்கே இருக்கும் அந்த நகரத்தில்தான் அவன் பிறந்தான். அவன் அப்பா கார் தொழிற்சாலை வேலைக்காகக் கப்பலேறிப் போன ஊர். மணவாழ்க்கை முறிந்து, நாற்பதைத் தாண்டிய பிறகு அப்பாவின் பூர்வீகமான இந்தச் சார்டினியாத் தீவுக்கு வந்து, பூட்டிக் கிடந்த தாத்தா வீட்டைத் திறந்து குடியேறினான். குழாய், ஹீட்டர் வேலை பார்ப்பவன்; பாதி ஊருக்கு வெந்நீர் வருவது அவன் கைவேலையால். கல்லறையில் அதே பெயரோடு தாத்தா படுத்திருக்கிறார். அதெல்லாம் இங்கே எடுபடவில்லை.

அவன் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மிஸ்டு கால்.

எங்கள் கடல் சோம்பேறி. வடமேற்குக் காற்று பேயாட்டம் ஆடி ஓய்ந்த பிறகு, அரைநாள் மட்டும் கரையோர மணல்திட்டில் அலை ஒழுங்காக எழுந்து உடையும். அதற்குள் அலைச்சறுக்குப் பலகையோடு இறங்கிவிட வேண்டும். மதுக்கடை நடத்தும் பொனாரியா மொட்டைமாடியிலிருந்து கடலைப் பார்த்துவிட்டு, தன் ஆட்களுக்கு ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவாள். பேச்சே கிடையாது. அந்த ரிங் வந்தவன் கடற்கரைக்குச் சொந்தக்காரன், வராதவன் வெளியாள். பசீலியோவுக்கு ஐந்து வருடமாக வரவில்லை. அந்த ரிங் வாங்கும் ஆட்களில் ஒருவனான பிரியாமோவின் மீன்கடை ஷட்டர் பட்டப்பகலில் இறங்கினால் அலை வந்துவிட்டது என்று தானாகப் புரிந்துகொண்டு, ஸ்பானரை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான்.

ஓடிப் போய் என்ன? அவன் அலையைப் பிடித்துப் பலகைமேல் எழும்போதே பிரியாமோ குறுக்கே பாய்ந்து அதைத் தட்டிக்கொண்டு போவான்.

"ஐயோ டூரின், நீ இருந்தது கண்ணுக்கே தெரியலப்பா!"

மற்றவர்கள் பலகையில் உட்கார்ந்தபடியே சிரிப்பார்கள். பசீலியோவும் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் பார்க்கச் சகிக்காது.

ஒருநாள் மதுக்கடையில் கேட்டே விட்டான்.

"அக்கா, எனக்கும் ஒரு ரிங் விட்டா என்ன கொறஞ்சுபோயிடும்?"

"லீவுல வந்தவங்களுக்கெல்லாம் விடறதில்லப்பா. நீ எப்பக் கெளம்பறே?" என்றாள் பொனாரியா.

பிரியாமோ மேசையைத் தட்டிச் சிரித்தான். "விடுக்கா, பாவம். டேய் டூரின், வெளியாள் வண்டிக்கு நாங்க என்ன செய்வோம்னு தெரியும்ல? டயர்ல காத்தைப் பிடுங்கிட்டு, கண்ணாடில மெழுகு. அப்பல்லாம் நீ பூனைமாதிரி நழுவிடறே. அடுத்த வண்டிக்கு நீ கை வை. அப்புறம் பாக்கலாம்."

அடுத்த வண்டி பிப்ரவரியில் வந்தது. மண்பாதை முடியும் இடத்தில், புதருக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. சாம்பல்நிறக் கார், இடது கதவில் ஒரு நசுங்கல். அந்த நசுங்கலைப் போட்டவனே பசீலியோதான். டூரினில் மனைவி வெளியே தள்ளிய குளிர்காலத்தில் அவனைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்ட எத்தோரேயின் கார் அது. 'எப்ப வேணா வா, சாவி பூந்தொட்டிக்கடியில இருக்கும்' என்று பசீலியோவே எத்தனையோ தடவை அவனை அழைத்திருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கடலிலும் இறங்கிவிட்டிருக்கிறான்.

"இன்னைக்கி உன் நாள்டா," என்றான் பிரியாமோ. பக்கத்தில் பொனாரியா கைகட்டி நின்றாள்.

'என் சிநேகிதன் வண்டி' என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால், வெளியாளைக் கூட்டிவந்த வெளியாள் என்று ஆகிவிடும். அதோடு மிஸ்டு கால் கனவு போச்சு. பசீலியோ மண்டிபோட்டு, குச்சியால் டயர் வால்வை அழுத்தினான். நாலு டயரும் தரையோடு படுத்த பிறகு, பலகைக்குப் பூசும் மெழுகை எடுத்து முன்கண்ணாடியில் தேய்த்தான். வேண்டியதற்கு மேலேயே தேய்த்தான்.

"அடேங்கப்பா! தேறிட்டான்!" என்றாள் பொனாரியா. அதைக் கேட்டு அவன் மனம் குளிர்ந்தது.

அப்போதுதான் எத்தோரே பலகையோடு மேலே ஏறி வந்தான்.

"பசீலியோ! டேய்!"

ஈரத்தோடு கட்டிப்பிடிக்க வந்தவனைப் பசீலியோ நேராகப் பார்த்தான்.

"யாருங்க நீங்க? ஆள் தெரியாமப் பேசறீங்க."

எத்தோரே முதலில் சிரித்தான். பிறகு டயரைப் பார்த்தான். பிறகு பசீலியோவின் விரல்களில் அப்பியிருந்த மெழுகைப் பார்த்தான்.

"ஆள் தெரிஞ்சுதான்டா பேசறேன்," என்றான் மெதுவாக. "நீ சொன்ன எடத்துல சாவி இருந்துச்சு. பையை உன் வீட்ல வச்சிட்டு வந்தேன். எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

பொனாரியாவின் முகம் மாறியது. "இவர் பை உன் வீட்டுக்குள்ளயா இருக்கு?"

எங்கள் ஊரில் ஒருவன் பை வாசற்படியைத் தாண்டிவிட்டால் அவன் அந்த வீட்டு விருந்தாளி. கொலைப்பகை இருந்தாலும் அவன்மேல் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். இங்கே நடை பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். 'என் விருந்தாளி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரியாமோவே அலையை விட்டுக்கொடுத்திருப்பான். பசீலியோவுக்கு அது தோன்றவே இல்லை.

பிரியாமோ தன் வண்டியிலிருந்து பம்பை எடுத்துவந்து மண்டிபோட்டான். பொனாரியா கண்ணாடியைச் சுரண்டினாள். உதவப் போன பசீலியோவின் கையைப் பிரியாமோ தட்டிவிட்டான்.

"தொடாதே. வெளியாளுக்குச் செய்யறது எங்க வழக்கம். வீட்டுக்கு வந்தவனுக்குச் செய்யறது எந்த ஊர் வழக்கம்டா?" பிறகு எத்தோரேயிடம் திரும்பினான். "மன்னிச்சிடுங்கண்ணே. அலை இன்னும் இருக்கு, வாங்க. ராத்திரி சாப்பாடு நம்ம வீட்ல."

அன்று எத்தோரே பிடித்த எந்த அலையிலும் யாரும் குறுக்கே பாயவில்லை. கரையில் ஒதுங்கிக் கிடந்த கடல்புல் குவியல்மேல் உட்கார்ந்து பசீலியோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டிலிருந்த பையைப் பிரியாமோதான் போய் எடுத்து வந்தான்.

அடுத்த காற்று ஓய்ந்த அன்று, பசீலியோ மதுக்கடையில் ஹீட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். பொனாரியா மாடியிலிருந்து இறங்கி வந்து, அவன் பக்கத்தில் நின்றே ஒவ்வொருவராக ரிங் விட்டாள். கடைசியாக இன்னொரு எண்ணை அழுத்தினாள். பசீலியோவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. போன் அடிக்கவில்லை.

"எத்தோரே அண்ணனுக்கு," என்றாள் அவள், போனை வைத்துவிட்டு. "டூரின்லேருந்து வரமுடியாது, தெரியும். இருந்தாலும் தெரிஞ்சுக்கட்டும்."

பலகையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவதுபோல அவனிடம் மரியாதையாகப் பேசினாள்.

"நீங்க வேலையை முடிச்சிட்டு, கடையைப் பூட்டி, சாவியைப் பக்கத்துக் கடைல குடுத்துட்டுப் போங்க."

மீன்கடை ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. பசீலியோ ஸ்பானரைக் கீழே போடவில்லை. முடுக்கிய நட்டையே மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தான்.