குண்டத்தில் முதல் ஆள்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். போர் நடந்த சமயம், பனிமலையில் அவர்கள் முகாமுக்குப் பக்கத்தில் ராணுவ விமானம் ஒன்று விழுந்து தீப்பிடித்தது. இவர் உள்ளே புகுந்து மூன்று பேரை உயிரோடு இழுத்து வந்தார். நான்காவது ஆளின் கையைப் பிடித்தவர், நெருப்பு சட்டையில் ஏறியதும் விட்டுவிட்டார். அந்த மூன்று பேரின் கதை ஊருக்கே தெரியும். நான்காவது ஆளைப் பற்றி என்னிடம் மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதன் பிறகு நான் விறகடுப்பு மூட்டினால் மனுஷன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

ஓய்வு பெற்று வந்ததும் மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் வைத்தார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாரியம்மன் பண்டிகைக்கு ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து, இந்த வருஷம் தீமிதியில் பூசாரிக்குப் பின்னால் முதல் ஆளாக இவர்தான் இறங்க வேண்டும் என்றார்கள். நெருப்புக்குள் போய் வந்த ஆளை நெருப்பு என்ன செய்துவிடும் என்று அவர்களுக்கு நினைப்பு. மரியாதை செய்கிறார்களாம்! வேண்டாம் என்று உள்ளே இருந்து நான் ஜாடை காட்டிக்கொண்டே இருக்கிறேன், இவர் தலையை ஆட்டிவிட்டார். காப்புக் கட்டிய பிறகு பின்வாங்கினால் தெய்வக் குத்தம். கட்டிய நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. என்ன கடுமையான விரதம் என்று அதையும் மெச்சினார்கள்.

பம்பை முழங்க, மஞ்சள் வேட்டியோடு குண்டத்தில் இறங்கினார். நாலு எட்டு நன்றாகத்தான் வைத்தார். நடுவில் நின்றுவிட்டார். குனிந்து, இரண்டு கையையும் நெருப்புக் கங்குக்குள் விட்டுத் துழாவினார்.

"கையக் குடு... இந்தா, கையக் குடு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஊருக்கு அது அருளாகப் பட்டது. பெண்கள் குலவை போட்டார்கள், இளவட்டங்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஓடிய என்னை இரண்டு பேர் மறித்துக்கொண்டார்கள்.

"சாமி வந்துருக்குதுங்க, தொடக்கூடாது."

பாவிகளா, அது சாமி இல்லை, அவருக்குச் சித்தம் கலங்கிப்போச்சு என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்? அவராகச் சரிந்து விழுந்த பிறகுதான் தூக்கினார்கள்.

இப்போது தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். இரண்டு காலிலும் கட்டு, கையில் முழங்கை வரைக்கும் கட்டு. விரல்கள் தேறாது என்று சொல்லிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் பஸ் ஏறி வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். யாரையும் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

நேற்று கண் விழித்து, அவன் வந்துவிட்டானா என்று கேட்டார். மனசு கேட்கவில்லை. வந்துட்டாருங்க, நீங்கதான் இழுத்துட்டு வந்தீங்க என்றேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார்.

"இல்ல. அவன் இன்னும் உள்ளதான் இருக்கறான். என்னை எதுக்கு வெளிய தூக்குனீங்க?"