மாடிக்குப் போகாத ஒயர்

மூன்று வாரம் முன்பு, திருவொற்றியூரில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டில், எலெக்ட்ரீஷியன் தயாளன் சுவருக்குள் ஸ்பிரிங் விட்டுக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் என்றால் வேறொன்றுமில்லை — வளையக்கூடிய நீளமான கம்பி. சுவரில் புதைத்த பைப்புக்குள் அதை நுழைத்து மறுமுனையில் எடுத்து, ஒயரைக் கட்டி இழுப்பார்கள்.

கம்பி எட்டடி போனது. நின்றது.

தயாளன் மாடிக்குப் போய் அந்தப் பக்கத்திலிருந்து விட்டார். ஒரு முழம்கூடப் போகவில்லை. பைப் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து என்னைப் பார்த்தார்.

"சார், உள்ள சிமென்ட்டு எறங்கி கெட்டியா கீது. இதுல எறும்பு கூட போவாது."

பக்கத்தில் என் மனைவி மெர்சி நின்றிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சீலிங்கைப் பார்த்தேன். சீலிங் நன்றாகத்தான் வந்திருந்தது.

மெர்சியின் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஏற்றுமதி கன்டெய்னர்களுக்கான பேப்பர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கெடு நேரம் உண்டு. அதற்குள் பேப்பர் சிஸ்டத்தில் ஏறவில்லையென்றால் கன்டெய்னர் துறைமுக கேட்டுக்கு வெளியே நிற்கும், கப்பல் போய்விடும். வாடகை வீட்டில் ஒருநாள் சரியாக அந்த நேரம் பார்த்து வைஃபை படுத்துக்கொண்டது. மேனேஜர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "புது வீட்டுல ஒயர் கனெக்‌ஷன் போட்டுடுங்க மேடம். இல்லேன்னா தினமும் ஆபீஸுக்கே வந்துடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

ஆபீஸ் பாரிமுனையில். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பாரிமுனை போய்ச் சேருவது எப்படி என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமா? காலையில் ஒன்றரை மணி நேரம். மாலையில்... அது லாரிக்காரர் இஷ்டம்.

அதனால் இந்த வீட்டில் மெர்சி கேட்டது ஒன்றே ஒன்று. மாடி ரூமில், மேஜைக்குப் பக்கத்தில், ஒரு நெட்வொர்க் பாயின்ட். கிச்சன் டைல்ஸ், கதவுக் கைப்பிடி, கேட் டிசைன் எல்லாவற்றுக்கும் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள்.

ஒன்று கேட்டால் ஒன்று தருகிற ஆளா நான்? பன்னிரண்டு பாயின்ட்டுக்கு பிளான் போட்டேன். கிராஃப் பேப்பர், நாலு கலர் பேனா. டிவிக்கு நீலம், கேமராவுக்குச் சிவப்பு... இந்தப் பக்கத்திலேயே ஒரு வாரம் பீற்றிக்கொண்டதும் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். வீடு கட்டுகிற நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டு அட்வைஸ் வேறு. "வைஃபையை நம்பாதே. கான்கிரீட் தளத்தைத் தாண்டி சிக்னல் ஒழுங்கா ஏறாது. கட்டும்போதே பைப் புதைச்சுடு." வீடு கட்டாதவர்களுக்கும் சொன்னேன்.

தயாளன் அந்த கிராஃப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கலர்லாம் ஷோக்காதான் கீது சார். ஆனா கரன்ட்டு போற பைப்புல இத்த வுடக்கூடாது. ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா நெட்டு பேஜாரு பண்ணும். நான் தனியா ஒரு பைப்பு தர்றேன்."

அப்படித்தான் கீழே மீட்டர் பாக்ஸ் பக்கத்திலிருந்து, தளத்தைத் தாண்டி, மாடி ரூம் வரைக்கும் தனி பைப் போனது. மாடிக்கு ஏறும் நெட்வொர்க் ஒயருக்கு அது ஒன்றுதான் வழி.

தளத்துக்கு கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் தயாளன் என்னிடம் ஒரே ஒரு வேலையை ஒப்படைத்தார்.

"பைப்பு வாயில சாக்கு சுத்திக் கட்டிக்கீறேன். ஆளுங்க கால்ல இடிச்சாங்கன்னா அடியில ஜாயின்ட்டு கழண்டு சிமென்ட்டு உள்ள எறங்கிக்கும். அந்தாண்ட கான்கிரீட் கொட்டசொல்லோ நீங்க கூடவே நில்லுங்க சார். நான் வேற சைட்டுக்குப் போய்ட்டு மத்தியானமா வர்றேன்."

"நிக்கிறேன்" என்றேன். சும்மா நிற்பதைவிடச் சுலபமான வேலை ஒன்று உண்டா?

கான்கிரீட் போடும் நாளில் ஆட்களுக்கு வீட்டுக்காரர் சாப்பாடு போடுவது வழக்கம். எங்கள் பக்கம் சாப்பாடு என்றால் பிரியாணி. கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் வரிசையாக நின்று சட்டி கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பைப்புக்குக் காவல் நின்றேன். சத்தியமாக நின்றேன் — பதினொரு மணிக்கு பிரியாணி அண்டா வந்து இறங்கும் வரைக்கும்.

மூடியைத் திறந்த வாசனை மேலே வந்தது. எல்லோருக்கும் போதுமா, தயிர்ப்பச்சடி வந்ததா, உப்பு சரியா... வீட்டுக்காரன் பார்க்காமல் யார் பார்ப்பது? ரெண்டே நிமிஷம் என்று கீழே இறங்கினேன். மத்தியானம் தயாளன் வந்து "நின்னீங்கல்ல சார்?" என்று கேட்டபோது தலையை ஆட்டினேன். சாக்கு கட்டியது கட்டியபடியே இருந்ததால் அவரும் நம்பிவிட்டார்.

இப்போது, அடைபட்ட பைப்பைப் பார்த்துவிட்டு மெர்சி கேட்டாள். "அன்னிக்கு நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேனே" என்றேன். நின்றது உண்மைதானே? "மேஸ்திரி ஆளுங்கதான் சொல்லச் சொல்லக் கேக்கலை" என்று கொஞ்சம் சேர்த்தும் விட்டேன். அது உண்மையில்லை.

மெர்சி போனை எடுத்தாள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அன்று நானே போட்ட போட்டோக்கள். கரண்டியோடு நான். அண்டாவோடு நான். லெக் பீஸைத் தூக்கிப் பிடித்தபடி நான். முதல் படம் பதினொன்று ஐந்துக்கு, கடைசிப் படம் பன்னிரண்டே காலுக்கு. பைப் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை.

தயாளன் ஸ்பிரிங்கைச் சுருட்டுவதில் மும்முரமானார். நல்ல மனிதர்.

"வேற வழியில்லையா?" என்றேன்.

"தளத்த ஒடைக்கறது வேணாம் சார். வெளிச்செவுத்து மேல பைப்பு ஏத்தலாம். ஆனா ரெண்டு பக்கமும் அடுத்த வூட்டு செவுரு ஒட்டிக்கினு கீது. பொறத்தாலயும் எடமில்ல. முன்னாடிதான் ஏத்தணும்."

முன்னாடி என்றால் முகப்பு. நாலு கடை ஏறி இறங்கி, நானே பொறுக்கி எடுத்த கல் பதித்த முகப்பு. இன்னும் பத்து நாளில் ஜெபம் பண்ணிக் குடிபோக வேண்டும். ஊரே வந்து பார்க்கும்.

"பைப் வேணாமே. ஒயரை மட்டும் மெல்லிசா ஓரமா ஒட்டினா?"

"கடக்காத்து சார். வெயிலும் உப்பும் சேந்து ஒரே வருசத்துல வெடிச்சிரும். பைப்புக்குள்ள போனாத்தான் நிக்கும்."

"இல்லே, வைஃபைக்கே ஒரு பூஸ்டர் வச்சு..." என்று ஆரம்பித்தேன். வைஃபையை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் போன் போட்ட அதே வாய்.

மெர்சி கோபப்படவில்லை. "சரிங்க, நான் தினமும் ஆபீஸுக்கே போய்க்கிறேன். முகப்பு கெட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

கிண்டலாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் நிஜமாகவே சொன்னாள். ரொம்ப வெட்கமாக இருந்தது எனக்கு. ரோட்டில் போகிறவர் அரை நிமிஷம் பார்ப்பதற்குக் கல் பதிக்கிறோம். உள்ளே உட்கார்ந்து தினமும் எட்டு மணி நேரம் வேலை பார்க்கப்போகிற ஆள் கேட்ட ஒரு ஒயரை மறந்துவிடுகிறோம். நான் மட்டும்தானா இப்படி? நீங்களே சொல்லுங்கள்.

பின்னாலேயே போனேன். "மேஸ்திரி மேல தப்பில்லை. நான்தான் இறங்கிப் போயிட்டேன்."

"தெரியும்" என்றாள்.

"தயாளன், முன்னாடியே ஏத்துங்க" என்றேன்.

"கல்லுல ஓட்ட போடணுமே சார்..."

"போடுங்க."

முதல் கல்லில் டிரில் இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

குடிபோய் ஒரு வாரம் ஆகிறது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு கெடு. நான் கீழே ஹாலில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலே முக்காலுக்கு மாடியிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, பேப்பர் ஏறிடுச்சு. டீ போடுங்க." போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபத்திலிருந்து என் தங்கையின் கணவர் வீடு பார்க்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா மச்சான், இவ்ளோ சூப்பரா கல்லு ஒட்டிட்டு, நடுவுல நெட்டுக்குத்தா ஒரு பைப்பு வுட்டுக்கீற?"

நான் வாயைத் திறப்பதற்குள் மெர்சி முந்திக்கொண்டாள்.

"அண்ணா, இந்த வீட்டுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்."

வீடு முழுக்க என் செலக்‌ஷன் — அந்தப் பைப்பைத் தவிர.