மீசைக்கு இடமில்லாத படிவம்

கடந்த பிப்ரவரியில் ஐந்து நாள் அந்தமான் போயிருந்தேன். வீட்டிலேயே பராமரிப்பு பெறுகிறவர்களிடம் கருத்துக் கேட்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனம், தன் கேள்விப் படிவத்தைத் திருத்த, அப்படிப் பராமரிப்பு பெறும் ஒருவரே வரட்டும் என்று அழைத்தது. நான் சக்கர நாற்காலிக்காரி. என்னைக் கவனித்துக்கொள்ளும் தங்கை சுதாவும் வந்தாள். நாற்காலியோடு அங்கே போக நினைப்பவர்களுக்கு இது உதவும்.

சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம். குட்வில் எஸ்டேட் பகுதியில் ஒரு விடுதியில் தரைத்தள அறை எடுத்தோம். மறுநாள் காலை 8.40க்கு ஆட்டோவில் சாத்தம் படகுத்துறை, இருநூறு ரூபாய். ஓட்டுநர் தமிழர்.

"ஆளுங்க போற போட்டுல ஏறாதீங்க மேடம், படி இருக்கும். வெஹிக்கிள் ஃபெர்ரி வரும். ஜீப் ஏறுற பலகையிலயே வீல்சேரத் தள்ளிட்டு ஆராம்ஸே, அலுங்காம போயிரலாம்."

அப்படியே போனோம். பைக்குகளுக்கு நடுவே நானும் ஒரு வண்டியாக நின்றேன். கால் மணி நேரத்தில் பாம்பூஃப்ளாட்.

அங்கே முருகேசன் அண்ணன் வீடு (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). லாரி ஓட்டியவர், பக்கவாதத்தில் பேச்சு போய் இரண்டு வருடம். ஆனால் எல்லாம் புரியும். பழைய படிவத்தை எடுத்ததுமே அவர் மனைவி ராஜாத்தி அக்கா முந்திக்கொண்டார்.

"சப் டீக் ஹை மேடம். ஒரு குறையும் இல்ல."

இரண்டு வருடமும் அண்ணன் பதில் அப்படித்தான் நிரப்பப்பட்டிருந்தது. அக்காவைத் தனியாகப் பேச வைக்க, சுதா கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். நான் அண்ணன் முன்னால் படங்களைப் பரப்பினேன். பிடித்தது சிரித்த முகத்துப் பக்கம், பிடிக்காதது சுளித்த முகத்துப் பக்கம். சாப்பாடு, குளியல் இரண்டும் சிரித்த முகத்துக்குப் போயின. சவரப் படத்தை மட்டும் இடது கையால் சுளித்த முகத்தின் மேல் அடித்து வைத்தார்.

"வலிக்குதா அண்ணே?" இல்லையென்று தலையாட்டினார். "பிளேடு சரியில்லையா?" அதற்கும் இல்லை.

கைவிட இருந்தேன். அவர் மேலுதட்டைத் தடவி, சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைக் காட்டினார். அதில் முறுக்கிவிட்ட மீசை.

"மீசை வேணுமா?"

பாதி முகம்தான் சிரித்தது. கண் இரண்டும் கலங்கின.

அதைக் கேட்டு ஓடி வந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "கஞ்சி ஒட்டுதுன்னு நாந்தான் வழிச்சுவிட்டேன். அதுக்கா தினம் மூஞ்சியத் திருப்புனீங்க? என்னையவே பிடிக்கலன்னுல்ல நெனச்சேன்!" பிறகு அழுதுகொண்டே சிரித்தார்.

அக்கா சுதாவிடம் சொன்னது வேறு: சிப்பிகாட் ஊரில் இருக்கும் தன் சொந்த அக்காவிடம் ஒருநாள் மணி பார்க்காமல் பேசிவிட்டு வர வேண்டும், அதுவரை இவரோடு யாராவது இருக்க வேண்டும். பழைய படிவத்தில் ராஜாத்தி அக்காவைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. புதியதில் படங்கள் சேர்ந்தன. பராமரிப்பவருக்குத் தனிப் பக்கமும், அதைத் தனியாகவே கேட்க வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தன.

திரும்பும் படகில் சுதாவிடம், "உன் பக்கத்தை நான் நிரப்பட்டுமா?" என்றேன்.

"நீ கேட்டா எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்வேன். வேற யாரையாவது கேக்கச் சொல்லு."

சுருக்கென்றது. ஆனாலும் தொண்டு நிறுவன அலுவலகத்தில் அவளை உள்ளே அனுப்பிவிட்டு, நாற்பது நிமிடம் வெளியே காத்திருந்தேன். என்ன சொன்னாளோ, தெரியாது. வந்ததும், "நாளைக்கு நான் மட்டும் நார்த் பே தீவுக்கு மீன் பாக்கப் போறேன்" என்றாள்.

போகிறவர்களுக்கு: வாகனப் படகிலேயே ஏறுங்கள். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பலகை ரொம்பச் சரிவாகும், ஏற்ற இறக்க நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். கூட வருபவருக்கென்று ஒரு முழு நாள் விடுங்கள். அன்று உதவிக்கு, தங்குமிடத்தில் முன்பே ஆள் சொல்லிவைக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

அன்று மாலை ஐந்தரைக்கு வெயிலில் மூக்கு நுனி கறுத்துத் திரும்பிய சுதா, சாப்பிட்டு முடிக்கும்வரை மீன்களைப் பற்றியே பேசினாள். நான் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.