நளதீர்த்தத்தில் ஒரு பழைய கவுன்

எண்பதுகளின் தொடக்கத்தில், தோளில் ஜோல்னாப் பையுடன் ஒரு பெண் காரைக்கால் பக்கத்து ஊர்களுக்குள் நுழைந்தால் அவள் குடும்பக் கட்டுப்பாட்டுக்காரி என்றே முடிவு கட்டிவிடுவார்கள். என்னைக் கண்டதும் ஆண்கள் கொல்லைப்பக்கமாக வயலுக்குப் போய்விடுவார்கள். நான் ஆட்டிசம் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள், அப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு என்ன உதவி தேவை என்று கேட்க வந்திருக்கிறேன் என்று விளக்கிப் பார்த்தேன். விளக்கி முடிப்பதற்குள் பெண்களும் போய்விடுவார்கள்.

ஆட்டிசம் என்ற சொல் அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்த எனக்கும் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. நான் படித்த புத்தகங்கள் சிலவற்றில், குழந்தை இப்படி ஆவதற்குத் தாயின் பாசக் குறைவே காரணம் என்று எழுதியிருந்தது. குரும்பகரத்தில் ஒரு மாமியாரும் அதையேதான் சொன்னார். எந்தப் புத்தகமும் படிக்காமலேயே அந்த முடிவுக்கு வந்திருந்தார்.

"பெத்தவ கொஞ்சிப் பேசுனாத்தானே டீச்சர் புள்ள பேசும்? இவ வாயத் தொறந்தாத்தானே?" என்றார், மருமகளை எதிரில் வைத்துக்கொண்டே.

பேத்திக்கு ஆறு வயது. பேச்சு கிடையாது, யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். தொட்டால் கத்துவாள். மருமகள் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய்ச் சொன்னாள்: "நாளு பூரா பேசுறேன் டீச்சர். அத்த காதுல விழுந்தா அதுக்கும் ஏதாவது சொல்லுவாங்கன்னு மெதுவாப் பேசுறேன்."

அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர்களில் பழியைத் தாய் மேல் போடாதவர் ஜோசியர் ஒருவர்தான். குழந்தைக்கு ஏழரைச் சனி, பெயர்ச்சி ஆனதும் பேசிவிடும் என்று சொல்லியிருந்தார். நான் புத்தகத்தை நம்பாமல் அவர் பக்கம் சாய்ந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவர் சொன்னதில்தான் ஆபத்து இருந்தது. பெயர்ச்சிக்குப் பிறகும் பேசாவிட்டால் தாயும் மகளும் சுரக்குடியில் பிறந்த வீட்டில் "கொஞ்ச நாளைக்கு" இருக்கட்டும் என்று மாமியார் தீர்மானித்திருந்தார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்ப்பதாக ஊரில் பேச்சு. மகன் வழக்கம்போல் வயலில் இருந்தார்.

பிள்ளை இப்படி இருப்பதற்குத் தாய் காரணமில்லை, பெயர்ச்சியால் பேச்சு வராது, பழக்கினால் வேறு பல விஷயங்கள் வரும் என்று நான் மாமியாரிடம் மன்றாடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் காப்பி கொடுத்தார்.

பெயர்ச்சிக்கு அடுத்த சனிக்கிழமை திருநள்ளாறு போனார்கள். மருமகள் கெஞ்சிக் கேட்டதால் நானும் போனேன். நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, உடுத்தியிருந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் புதுத் துணியில் கரையேற வேண்டும். துணியோடு சனியும் போய்விடும். கரையில் சுரக்குடியிலிருந்து வந்திருந்த மருமகளின் தம்பி சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். எதற்கு நிற்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எண்ணெய்க்கே குழந்தை ஊரைக் கூட்டினாள். பழைய கவுனைக் கழற்றித் தண்ணீரில் விட்டு, கஞ்சி மொடமொடக்கும் புதுக் கவுனை மாட்டியதும், உடம்பில் சூடு வைத்ததுபோல் அதைப் பிய்த்து எறிந்துவிட்டுக் குளத்துக்குள் இறங்கிவிட்டாள். மிதந்துபோன பழைய கவுனைப் பிடித்துத் தலைவழியாகப் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் விலகி ஓடினார்கள். விட்ட சனியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டவர்களை அந்தக் குளம் அதற்கு முன் பார்த்திருக்காது.

மருமகள் புடவையோடு பின்னாலேயே பாய்ந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஊரே பார்க்க, மகளின் கையைக் கவுனுக்குள் நுழைத்துவிட்டாள். "ஒன்னுதுதாங் கண்ணு. யாரும் எடுக்க மாட்டாங்க. போட்டுக்க" என்றாள், சத்தமாக. அழுகை நின்றது. குழந்தை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் யாரையாவது தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

படியில் நின்ற வெளியூர் அம்மாள் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். "பெத்தவ சரியில்ல. அதாம் புள்ள இப்புடி இருக்கு."

மாமியார் திரும்பினார். அத்தனை வருடமாக அவரே சொல்லிக்கொண்டிருந்த வசனம்தான். அடுத்தவள் வாயில் அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"எங்க வூட்டுப் பொண்ணச் சொல்றதுக்கு நீ யாரு? இந்தப் புள்ளைய ஒரு நாளு நீ வச்சுப் பாத்திருக்கியா?"

அந்த அம்மாள் ஈரத் துணியோடு வேறு படிக்குப் போய்விட்டாள். மாமியார் கீழே கிடந்த புதுக் கவுனை எடுத்தார். சற்று யோசித்தார். பிறகு அதைக் குளத்தில் வீசினார்.

"சாமிக்கு ஒரு துணி போவணும். புதுசாவே போவட்டும்."

எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவர் சைக்கிளோடு நின்ற தம்பியிடம் போனார்.

"தம்பி, நீங்க எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க? வூட்டுக்குப் போங்க."

"அக்காவ அழச்சுக்கிட்டு..."

"அக்கா எங்க வருது? நாளைக்கு நாத்துப் பறிக்க ஆளு வருது. சோறாக்க ஒருத்தி வேணாமா?"

மருமகள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், ஆராய்ச்சியாளர் அழக்கூடாது என்பார்கள், என்னால் அடக்க முடியவில்லை.

குரும்பகரம் பஸ்ஸில் குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் உடையிலிருந்து சொட்டிய தண்ணீர் மாமியார் மடியை நனைத்தது. அவர் நகர்ந்து உட்காரவில்லை. குழந்தை அன்றைக்கும் பேசவில்லை. வீடு போய்ச் சேரும்வரை யாரும் அவளைப் பேசச் சொல்லவுமில்லை.