மலைவண்டிக்குப் பூசிய தார்

எங்கள் ஊரில் இரும்பு சத்தம் போடாமல் சாகும். ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் சாரலை முகத்தில் வாங்கிக்கொண்டு சிரிப்பார்கள். நான் அந்த மூன்று மாதமும் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடப்பேன். சாரல் மேலேயிருந்து விழுகிற மழை இல்லை. காற்றில் தொங்கும், பக்கவாட்டில் நகரும், மரையாணிக்கும் அது நுழைந்த ஓட்டைக்கும் நடுவே மயிரிழை இடம் இருந்தாலும் அங்கே குடியேறும். காலையில் விரலால் தடவினால் விரல் சிவந்து வரும். துருவின் வாசனை ரத்தத்தின் வாசனைதான். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் கழித்துவிட்ட லாரி அது. முன்சக்கரம் பின்சக்கரம் நாலும் இழுக்கும். மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த முதலாளி அதை எடுத்தார். நான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. வண்டி மேலகரத்தில் ஒரு கொட்டகையில் நிற்கும். திங்கட்கிழமை காலையில் களையெடுக்கப் போகிற பெண்கள் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டி மலையேறும். சனிக்கிழமை அவர்களை இறக்கிக்கொண்டு வரும். பாதை என்று சொன்னால் பாதை. மூன்று ஓடைகளில் தண்ணீருக்குள் இறங்கித்தான் கரையேற வேண்டும்.

ஓட்டியவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. பட்டாளத்து வண்டிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். என்னைவிட எட்டு வயது சின்னவன். அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருந்தது. அதை நான் அவ்வளவு சுலபமாகப் பொறுத்துக்கொள்ளவில்லை.

"அடியில இருக்கிற இரும்புக்கெல்லாம் நல்லதா ஒண்ணைப் பூசும். செலவு ஏறக் கூடாது, அஞ்சு வருசம் திரும்பிப் பாக்கவும் கூடாது" என்றார் முதலாளி. பெயிண்ட் டப்பா கேட்டவுடன் கிடைக்காத காலம். தென்காசிக் கடைகளில் அலைந்து நாலு வகை சேர்த்தேன். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஈயச் செந்தூரம் ஒன்று. அதே செந்தூரத்தின் மேல் வெளிர்ச் சாம்பல் பெயிண்ட் இரண்டாவது. மூன்றாவது, வெள்ளி மாதிரி மினுங்குகிற அலுமினியப் பூச்சு. நாலாவது, மண்ணெண்ணெயில் இளக்கிய தார். நாலு இரும்புப் பட்டைகளில் பூசி, பேரருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவருடைய கீற்றுக் கொட்டகையின் பின்னால் தொங்கவிட்டேன். அருவியின் தூவானம் இரவு பகலாக அங்கே அடிக்கும். "என்ன அண்ணாச்சி, இரும்பைக் குளிப்பாட்டுதீயளா? எண்ணெய் தேச்சு விடட்டா?" என்று அவர் சிரித்தார்.

ஒரு மண்டலம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. சாம்பல் பெயிண்ட் விளிம்புகளில் கொப்புளித்துக் கிடந்தது. செந்தூரம் பரவாயில்லை. தார் மட்டும் எருமை முதுகு மாதிரி, தண்ணீரை உருட்டிவிட்டு நின்றது. விலையும் அதற்குத்தான் குறைவு. எனக்கு வேறு என்ன வேண்டும்?

மச்சினன் நாலு பட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தார் தாங்கும் அத்தான். யாரு இல்லங்கா? ஆனா சாம்பலையே பூசுவோம்."

"கொப்புளிச்சுக் கிடக்கது கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரியுது. இரும்பு விரிசல் விட்டா மொதல்ல துருதான் கசியும். வெளுப்பா இருந்தா செம்மண்ணால கோடு இழுத்தாப்ல காட்டிக் குடுத்துரும். கறுப்புல என்னத்தத் தெரியும்?"

"அப்ப செந்தூரத்தோட விடு."

"அதுவே துரு நிறம்லா."

"சாம்பல்னா வருசா வருசம் அடியில படுத்துப் பூசணும்லே."

"படுப்போம். வருசத்துக்கு ஒருக்க அடியில போய்ப் பாக்குததுல என்ன கொறஞ்சு போச்சு?"

"இது பட்டாளம் இல்ல மாப்ள. இங்கன எந்தத் துரையும் வந்து சலாம் வாங்க மாட்டான்" என்றேன். அவன் பட்டைகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.

புரட்டாசி வெயிலில் தார் பூசினேன். கையால், தேங்காய் நாரால், சந்து பொந்தெல்லாம். வண்டியின் வயிறு இருட்டறை மாதிரி ஆயிற்று. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க நிம்மதி.

பத்து நாள் கழித்துக் குனிந்து பார்த்தபோது நாலு இடத்தில் தார் இல்லை. முன்பக்க ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற இரும்புக் கைகளில், ஆணி முடுக்கிய இடங்களில், கட்டைவிரல் அகலத்துக்குச் சுரண்டி இரும்பு வெளியே தெரிந்தது. மச்சினன்தான். திங்கட்கிழமை கிளம்புமுன் கத்தியால் சுரண்டி, துணியால் துடைத்துப் பார்த்திருக்கிறான். நான் ஞாயிற்றுக்கிழமை தார்ச் சட்டியை எடுத்துப் போய் நாலையும் மூடினேன். அடுத்த திங்கள் அவன் திறந்தான். ஞாயிறு நான் மூடினேன். ஐப்பசி முழுக்க இப்படியே போயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட்டோம், மழையைப் பற்றிப் பேசினோம், இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"உன் தம்பி தாரைச் சுரண்டுதான்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"உங்க தோலையா சுரண்டுதான்? வண்டியத்தானே" என்றாள். அத்தோடு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மலையிலிருந்து வண்டியை இறக்கிக்கொண்டு வந்தவன் நேரே பாயில் விழுந்தான். மலைக்காய்ச்சல். மறுநாள் ஞாயிறு. அவன் முனகிக்கொண்டு கிடக்க, நான் வழக்கம்போல் நாலு இடத்தையும் மூடினேன். வெளிச்சம் போதவில்லை. கை பழகியிருந்தது, கண் தேவைப்படவில்லை. அடுத்த மூன்று வாரமும் கூலிக்கு வந்த ஒரு டிரைவர் ஓட்டினார். அவருக்கு வண்டியின் அடி எதற்கு? மூன்று திங்கள் பன்னிரண்டு பேர் ஏறினார்கள், மூன்று சனி இறங்கினார்கள். யாரும் சுரண்டாத தார் பளபளவென்று இருந்தது. நான் குனிந்து குனிந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

நாலாவது திங்கள் மச்சினன் எழுந்து வந்தான். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கத்தியோடு அடியில் நுழைந்தான். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத்தான், இங்கன வாங்க."

குரலில் வெற்றி இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

ஸ்பிரிங்கின் இடது பக்க இரும்புக் கையில், ஆணி ஓட்டையிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு விரிசல். நடுவில் நகம் நுழையும். மச்சினன் கத்தி முனையை அதற்குள் விட்டு இழுத்தான். முனையில் கறுப்பு ஒட்டியிருந்தது. தார், விரிசலுக்குள்ளே. அது விரியத் தொடங்கின பிறகு பூசின தார்.

கடைசியாகப் பூசின ஞாயிறு எது என்று அவன் கேட்கவில்லை. விரலை விட்டு எண்ணவும் இல்லை. கத்தியை வேட்டியில் துடைத்துவிட்டு, "ஆளுக நிக்குதாங்க, போய்ச் சொல்லுங்க" என்றான்.

வெளியே பன்னிரண்டு பேரும் மூட்டையோடு நின்றார்கள். "வண்டி இன்னைக்கு வராது. சக்கரத்துல கோளாறு" என்றேன். சக்கரம் என்ற சொல் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"தார் பூசின வண்டிக்கே சீக்காக்கும்? அப்ப கணக்கப்பிள்ளைக்கும் ஒரு கை பூசிர வேண்டியதுதான்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவள், எப்போதும் முன்பக்கம் இடது ஓரத்தில் உட்காருகிறவள், சிரிக்கவில்லை.

"சக்கரமா அது? போன வாரம் ரெண்டாவது ஓடை ஏத்தத்துல என் காலுக்கடியில டொக்குன்னுச்சு. டிரைவர்ட்டச் சொன்னேன். வாய மூடிட்டு இருடின்னான்."

நான் மறுபடியும் சக்கரம் என்றேன்.

தென்காசியில் அந்த இரும்புக் கையைக் கழற்றி, ஒட்டுத் தகடு வைத்து அடித்து மாட்டினோம். தாரைச் சுரண்ட ஐந்து நாள் பிடித்தது. மண்ணெண்ணெயும் சாணைக்கல்லுமாக நானே சுரண்டினேன். மச்சினன் செந்தூரத்தையும் சாம்பலையும் குழைத்துக் கொடுத்தான். கை கறுப்பு போகாமல் நான் சோற்றை ஸ்பூனால் தின்றபோது மனைவி எதிரே உட்கார்ந்து, "அந்தப் பொம்பளையள்ட்டச் சொல்லிட்டியளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் மோரை ஊற்றினாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த திங்கள் பன்னிரண்டு பேரும் ஏறி உட்கார்ந்த பிறகு, வண்டி கிளம்புமுன், பின்பலகையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். விரிசலைச் சொன்னேன். மூன்று வாரம் அதன் மேல் நீங்கள் போய் வந்தீர்கள் என்றேன். மூடினது நான், சக்கரம் என்றது பொய். சொல்லி முடித்ததும் மார்பில் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். இறங்கவில்லை. "இப்பச் சரியாயிட்டா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆயிற்று என்றான் மச்சினன், முன்னாலிருந்து. அவர்களுக்கு அது போதும். அவன் சொன்னது போதும்.

மூத்தவள் எழுந்தாள். மூட்டையை எடுத்தாள். பக்கத்தில் இருந்த அவள் மகளும் எழுந்தாள். "நீ இரு" என்று அவளை உட்காரவைத்துவிட்டு, என் கையைப் பிடிக்காமல், சக்கரத்தில் கால் வைத்து இறங்கினாள்.

"ஏறுங்க ஆச்சி, இப்ப நல்லா இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள். "எனக்குக் காலு நல்லா இருக்கு."

அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. ஞாயிறு மத்தியானமே கிளம்பி, செங்கோட்டையில் யார் வீட்டிலோ படுத்திருந்துவிட்டு, திங்கள் காலை மலைப்பாதையில் நடந்துகொண்டிருப்பாள். அந்த வாரத்திலிருந்து நானும் மச்சினன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்; முதல் ஓடைக்கு இப்பால் எங்கேயாவது அவளைத் தாண்டிப் போவோம். மச்சினன் வேகத்தைக் குறைப்பான். மகள் மேலேயிருந்து "எம்மா" என்பாள். அவள் பாதையின் ஓரமாக ஒதுங்கி, சேறு தெறிக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டியின் அடியை ஒருமுறை குனிந்து பார்ப்பாள். பிறகு மகளைப் பார்த்துத் தலையசைப்பாள். நான் தோட்டத்து வேலையை விடும்வரை ஒவ்வொரு திங்களும் அப்படித்தான்.