விரலி மஞ்சளில் ஒரு சூடு

ஆறு வயதாகியும் என் மகளுக்குப் பேச்சு குழறியது. சட்டைக்குப் பொத்தான் போட வராது. தம்ளரைத் தூக்கினால் பாதி தரையில்தான். பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா, "வாய் தடுமாறுற சில பிள்ளைங்களுக்குக் கையும் அப்படித்தான் தடுமாறும். திமிர் இல்லம்மா, பொறுமையா பழக்குங்க" என்றார். அதை எங்கள் காத்திவாக்கம் வீட்டில் யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

ஒருநாள் அவள் கை பட்டு மீன்குழம்புச் சட்டி கவிழ்ந்தது. என் கணவர் அவள் முதுகில் ஓங்கி அறைந்தார். அவருடைய அக்கா, என் அண்ணி, விரலி மஞ்சளை அடுப்பில் காட்டி, நுனி கனன்றதும் எடுத்து வந்தாள்.

"கால்ல ஒரு சூடு வச்சா பேச்சு தன்னால வந்துடும், கையும் ஒயுங்கா நிக்கும். நீ காலைப் புடிடா."

அவர் பிடித்தார். மஞ்சள் காலை நெருங்க, குழந்தைக்குக் கத்தக்கூட வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

நான் பாய்ந்து மஞ்சளைப் பிடுங்கினேன். என் விரல் வெந்தது. தடுக்க வந்த கணவரை எட்டி உதைத்துவிட்டு, அண்ணியின் புறங்கையில் அதை வைத்து அழுத்தினேன். தோல் பொசுங்கி நாறியது. அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடியது.

"இன்னா அண்ணி, பேச்சு நல்லா வருதா?" என்று கேட்டேன்.

புண் ஆறும்வரை அண்ணிக்கு ஜாக்கெட் கொக்கி மாட்ட வரவில்லை. தம்ளரைத் தூக்கினால் பாதி தரையில்தான். அவளை யாரும் அறையவில்லை.